பச்சையாகிப் போன தங்கம்!

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு)

மலர்க்குழுவில் என்னிடம் கட்டுரை கேட்டபோது, "உனக்கு எது தெரியுமோ அதை எழுதுடா, போதும்" என்றார்கள். யோசித்துப் பார்த்தேன். லேத்தைப் பற்றி எழுதலாம் என்றால் என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் வகுப்பில் நாற்பது பேர் இருக்கிறார்கள். எனக்கென்று தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். சின்ன பொம்மைக்குத் தங்கக் கலர் அடிப்பது! சிரிக்காதீர்கள். அதைத் தெரிந்துகொள்வதற்கு முன்னால் ஒரு தசாவதாரத்தையே நாசம் செய்தவன் நான்.

எங்கள் ஆயாவிடம் ஒரு கொலு செட் உண்டு. கல்யாணமான வருஷம் தாத்தா பண்ருட்டியிலிருந்து வைக்கோல் போட்ட கூடையில் வாங்கி வந்தது. மச்சம் முதல் கல்கி வரை பத்தும் களிமண். ஒவ்வொன்றும் 5 அங்குலம்தான் இருக்கும். கிரீடம், குண்டலம், ஆரம், ஒட்டியாணம் எல்லாம் அச்சிலேயே புடைப்பாக வந்திருக்கும். தாத்தா போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. ஆயாவுக்கு அந்தப் பத்துப் பேர்தான் தாத்தா. டிரங்குப் பெட்டியை வருஷம் முழுக்க யாரையும் தொட விட மாட்டார்.

முதலாமாண்டு நவராத்திரிக்கு முன்னால் பொம்மைகளின் தங்கம் மங்கிப் போயிருந்ததைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் ஓவியப் போட்டியில் பரிசு வாங்கியவன் என்கிற நினைப்பு வேறு. "நான் புதுசா அடிச்சுத் தரேன் ஆயா" என்று வாங்கிக்கொண்டேன். ஹார்டுவேர் கடையில் கோல்டு பவுடர் ஒரு பொட்டலம் வாங்கினேன். வீட்டில் கதவுக்கு அடித்து மிச்சமிருந்த வார்னிஷில் அதைக் குழைத்து, ஒரே நாளில் பத்துக்கும் பூசினேன். ஆகா, என்ன ஜொலிப்பு! தெருவே வந்து பார்த்தது. ஆயா என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார்.

அடுத்த வருஷம் பெட்டியைத் திறந்தோம். பழைய செய்தித்தாளில் சுற்றியிருந்த ராமரைப் பிரித்த ஆயா, கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "என்னாடா இது, சாமிக்குப் பாசி புடிச்சிருக்கு" என்றார். கிரீடத்தின் மேடெல்லாம் கறுப்பு, பள்ளமெல்லாம் பச்சை. பத்தும் அப்படியே. அந்த வருஷக் கொலுவில் தசாவதாரம் கடைசிப் படியில், மரப்பாச்சிகளுக்குப் பின்னால் நின்றது. ஆயா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

காரணத்தையும் ஆயாதான் முதலில் சொன்னார். "ஈயம் பூசாத பித்தளையில புளிக்குழம்பு வெச்சா களிம்பு ஏறும். நீ எதுல கொழச்ச?" முதலாமாண்டு வேதியியல் புத்தகத்தில் நான் படித்தும் ஏறாதது அந்த ஒரு கேள்வியில் ஏறிவிட்டது. கடையில் 'பிரான்ஸ் பவுடர்' என்று சொல்லி விற்கும் தங்கப்பொடியில் பெரும்பாலும் வெள்ளீயமே கிடையாது. செம்பும் துத்தநாகமும்தான், அதாவது பித்தளை. செம்பு கூடுதலாக இருந்தால் சிவந்த தங்கம், துத்தநாகம் கூடினால் மஞ்சள் தங்கம். எண்ணெய், பிசின் சேர்ந்த பல வார்னிஷ்களில் அமிலத்தன்மை கொஞ்சம் இருக்கும். அது செம்போடு சேர்ந்து பச்சை உப்பாகிறது. அதற்குப் பெயர்தான் களிம்பு. பொடியும் மீடியமும் தனித்தனியாக விற்கப்படுவது ஏன் என்பதும் அப்போதுதான் புரிந்தது. முன்கூட்டியே கலந்து வைத்தால் டப்பாவிலேயே கெட்டுப்போகும்! போதாக்குறைக்கு என் விரல் வியர்வை, அமிலமேறிய பழைய செய்தித்தாள், ஒரு வருஷ இருட்டு.

பொடியில் இன்னொரு சூட்சுமம் உண்டு. அது குருணை இல்லை, செதில். உலோகத்தை அரைக்கும்போது ஒட்டாமல் இருக்க ஸ்டியரிக் அமிலம் சேர்ப்பார்கள். அந்தப் பூச்சு இருப்பதால்தான் செதில்கள் வார்னிஷின் மேல்பரப்புக்கு மிதந்து வந்து, ஓடு வேய்ந்த மாதிரி படுத்துக்கொள்கின்றன. ஜொலிப்பு அதனால் வருவது. அதன்மேல் பாதுகாப்புக்கென்று இன்னொரு கோட் வார்னிஷ் அடித்தீர்களோ, செதில்கள் கலைந்து, தங்கம் பழுப்பாகிவிடும். நான் அதையும் செய்திருந்தேன்.

சரி, அசல் தங்கமே ஒட்டினால் என்ன? தஞ்சாவூர் ஓவியத்தில் பலாப்பலகைமேல் துணி ஒட்டி, சுண்ணாம்புப் பொடியும் பசையும் கலந்த மக்கால் புடைப்பு வைத்து, அதன்மேல் தங்க ரேக்கு ஒட்டுகிறார்களே. நம் பக்கத்திலேயே வேலூர் ஸ்ரீபுரத்தில், 2007-இல் குடமுழுக்கு ஆன பொற்கோயிலில், செப்புத் தகட்டின்மேல்தானே பொன் ஏற்றியிருக்கிறார்கள். பேப்பர், பென்சில் எடுத்துக் கணக்குப் போட்டேன். தங்க ரேக்கின் கனம் ஏறக்குறைய 0.1 மைக்ரான். தங்கத்தின் ஒப்படர்த்தி 19.3. அப்படியானால் 1 கிராம் தங்கத்தை அடித்தால் சுமார் 5,000 சதுர செ.மீ. வரும், அதாவது அரை சதுர மீட்டர்! ஒரு பொம்மைக்கு 15 சதுர செ.மீ. என்று வைத்தால் பத்துக்கும் 150. தேவைப்படும் தங்கம் வெறும் 30 மில்லிகிராம்தான். தங்கம் விற்கிற விலையிலும் இது முடிகிற காரியம் என்று குதித்தேன்.

நாலு ரேக்கு வாங்கினேன். முதல் ரேக்கைத் தாளிலிருந்து எடுத்தபோது மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. தங்கம் பறந்தது என்று கதையில் படித்திருப்பீர்கள், நான் கண்ணால் பார்த்தேன். விசிறியை அணைத்துவிட்டு அடுத்ததைக் கிருஷ்ணரின் குண்டலத்தில் ஒட்டினேன். குண்டலம் 4 மில்லிமீட்டர். ரேக்கின் சுருக்கமே அதைவிடப் பெரிதாக இருந்தது! அச்சின் நுணுக்கமெல்லாம் அதற்குள் புதைந்து, பீடாவைச் சுற்றிய தாள் மாதிரி ஆகிவிட்டது. கைதேர்ந்தவர்களுக்கு வரும். எனக்கு வரவில்லை.

இந்த இடத்தில் கார்த்திகைத் திருவிழா வந்தது. நம் ஊரில் அந்தப் பத்து நாளும் மாட வீதியில் நிற்காதவர் யார்? ஒருநாள் இரவு உலாவில் பஞ்சமூர்த்திகள் எங்கள் எதிரே வந்து நின்றபோது, நான் சாமியைப் பார்க்கவில்லை, நகையைப் பார்த்தேன். "கன்னத்துல போட்டுக்கடா, என்னத்த மொறைச்சுப் பாக்கற" என்று ஆயா இடித்தார். நான் பார்த்தது இதுதான். தங்கநகையில் பெரும்பகுதி தங்க நிறத்தில் இல்லை! முக்கால்வாசி அடர்ந்த பழுப்பு. இடுக்குகளில் சிவப்பு. மாலையில் இருந்த அரளியின் சிவப்பு ஆரத்தில் அப்படியே தெரிந்தது. விளக்கு நேராகப் படும் ஓரங்களில் மட்டும் பளீரென்று ஒரு வெளிர்மஞ்சள். தீவட்டி நகர்ந்தால் அந்தப் பளீரும் நகர்கிறது. நான் என்ன செய்திருந்தேன்? கிரீடம் முழுவதும் ஒரே பளீர்.

மறுநாள் வீட்டில் ஒரு சோதனை செய்தேன். நீங்களும் செய்து பாருங்கள். துலக்கிய பித்தளைச் சொம்பையும், மஞ்சள் பிளாஸ்டிக் குவளையையும் டியூப்லைட்டுக்குக் கீழே பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பிளாஸ்டிக்கில் டியூப்லைட்டின் பிம்பம் வெள்ளையாகத் தெரியும். சொம்பில் அதே பிம்பம் மஞ்சளாகத் தெரியும். மஞ்சள் பொருளுக்கும் பொன்னுக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான். பொன்னில் பளபளப்புக்கே நிறம் உண்டு. மேலே பளபள வார்னிஷ் அடித்தால் வெள்ளைப் பளபளப்பு வந்து உட்கார்ந்துகொள்கிறது, கண் உடனே "பிளாஸ்டிக்" என்று சொல்லிவிடுகிறது.

இடுக்கு ஏன் சிவக்கிறது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. தங்கம் தன்மேல் விழும் சிவப்பு ஒளியில் 95 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்புகிறது. பச்சையில் சுமார் 80, நீலத்தில் சுமார் 40. மேட்டில் ஒளி ஒருமுறை பட்டுத் திரும்புகிறது. பள்ளத்தில் சுவருக்குச் சுவர் இரண்டு மூன்று முறை மோதிவிட்டுத்தான் வெளியே வருகிறது. இரண்டு முறை மோதினால் சிவப்பு 90, பச்சை 64, நீலம் 16. மூன்று முறை என்றால் 86, 51, 6. நீலம் செத்துப்போய், பச்சையும் தேய்ந்து, ஆரஞ்சும் சிவப்பும் மிஞ்சுகின்றன. ஆகவே தங்கத்தின் நிழலுக்குக் கறுப்பு அடிக்கக்கூடாது. கறுப்பு அடித்தால் அது அழுக்கு. செம்பழுப்பு அடித்தால்தான் ஆழம்.

இதை நான் பெரிய கண்டுபிடிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கோயிலுக்குப் பின்பக்கத் தெருவில், நவராத்திரி சீசனுக்குப் பொம்மை டச்சப் செய்கிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் போய்ச் சொன்னேன். வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே கேட்டார்:

"நகைக்கடையில மோதிரம் வாங்கினா எதுல மடிச்சுத் தர்றான் தம்பி?"

"ரோஸ் கலர் பேப்பர்லங்க ஐயா."

"ஏன் பச்சைப் பேப்பர்ல தரமாட்டேங்கறான்?"

அவ்வளவுதான், என் கணக்கு முடிந்தது! பிறகு அவரே சொன்னார்: "தங்கத்துக்கு மூணு கலர் வேணும். இருட்டு, நடு, வெளிச்சம். டப்பாவுல விக்கறது நடு மட்டும்தான். மத்த ரெண்டும் நீதான் போடணும்." மேல்நாட்டில் மரச்சட்டங்களுக்குத் தங்க ரேக்கு ஒட்டுகிறவர்களும் அடியில் செம்மண் பூசுவார்களாம். அதைப் பெரியவரிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை. "பின்ன?" என்றார்.

அடுத்து எந்தப் பெயிண்ட் என்ற கேள்வி. இப்போது அக்ரிலிக் தங்க நிறங்கள் பலவற்றில் உலோகமே இருப்பதில்லை. அபரகம், அதாவது மைக்காவின் செதிலுக்கு டைட்டானியம் ஆக்சைடும் இரும்பு ஆக்சைடும் பூசித் தங்கமாக மினுக்குகிறார்கள். செம்பு இல்லாததால் களிம்பு ஏறாது. ஆனால் இதற்கு ஒரு குணம். அடியில் இருப்பதை மறைக்காது. வெள்ளைமேல் அடித்தால் சோகை பிடித்த மாதிரி இருக்கும். எனவே அடிக்கோட் முக்கியம். எந்த அடிக்கோட் என்று பார்க்க, தீபத்துக்கு ஏற்றி மிச்சமான அகல் விளக்குகளை எடுத்துக்கொண்டேன். பொம்மையும் சுட்ட மண், அகலும் சுட்ட மண். ஒவ்வொன்றிலும் ஓர் அடிநிறம் பூசி, மேலே ஒரே தங்கம். கறுப்பின்மேல் தங்கம் பச்சையடித்தது (எனக்குப் பச்சை என்றாலே பயம்). எல்லோ ஆக்கர் மேல் சீக்கிரம் மூடியது, ஆனால் சப்பென்று இருந்தது. காவியின்மேல்தான் சூடு வந்தது. கடைசியில் ஆக்கரும் பர்ன்ட் சியன்னாவும் இரண்டுக்கு ஒன்று கலந்ததை வைத்துக்கொண்டேன்.

செதிலின் அளவையும் கவனியுங்கள். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஐந்தரை அடி ஆள் 5 அங்குலப் பொம்மை ஆனால் அளவுகோல் சுமார் 1:13. பெயிண்டில் 60 மைக்ரான் செதில் இருந்தால், பொம்மையின் உலகத்தில் அது 0.8 மில்லிமீட்டர். ராமர் சர்க்கரை தூவிய கிரீடம் வைத்திருப்பார்! 60 மைக்ரான் நம் வெறுங்கண்ணுக்குத் தனியாகத் தெரியாதே என்று கேட்கலாம். நட்சத்திரம் எவ்வளவு பொடி, மினுக்கினால் தெரிகிறதல்லவா, அதே கதை. ஆகவே 'கிளிட்டர்' என்று போட்டதைத் தொடாதீர்கள். குலுக்கினால் பட்டுத்துணி மாதிரி வழுவழுவென்று தெரிகிற நைஸ் வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

இனி செய்முறை. முதலில் பழைய பாவத்தைக் கழுவ வேண்டும். களிமண் பொம்மைக்குத் தண்ணீர் ஆகாது. பஞ்சு சுற்றிய குச்சியில் டர்பன்டைன் தொட்டு, கிரீடத்தை மட்டும் துடைத்தேன். துடைத்தும் போகாததை முனை மழுங்கிய பிளேடால் சுரண்டினேன். ஒரு பொம்மைக்கு இரண்டு மாலைகள் பிடித்தன. பிறகு ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு ஒரு மெல்லிய கோட். அடியில் மிஞ்சிய எண்ணெய்ப் பசை மேலே வராமல் அது தடுக்கும். ஒருநாள் காயவிட்டு, அடிக்கோட் மெல்லியதாக இரண்டு.

தங்கத்தை ஒருபோதும் தடிமனாக அடிக்காதீர்கள். தடிமனான கோட்டில் செதில்கள் சந்தைக் கூட்டம் மாதிரி நாலா பக்கமும் திரும்பி நிற்கும். மெல்லிய கோட் காய்ந்து சுருங்கும்போது அவையும் பரப்போடு சேர்ந்து படுத்துவிடும். பால் பதத்துக்குத் தண்ணீர் விட்டு, மூன்று கோட், பிரஷ் ஒரே திசையில். காய்ந்தும் காயாமலும் இருக்கும்போது திரும்பத் தேய்க்கக்கூடாது. தங்கப் பிரஷ்ஷுக்குத் தனிக் கிண்ணத்தில் தண்ணீர் வையுங்கள். நான் ஒரே கிண்ணத்தில் நனைத்ததால் ராமரின் நீல முகத்தில் ஜிகினா ஏறி, சினிமா ராமர் ஆகிவிட்டார். முகத்தை மறுபடி எழுத வேண்டியதாயிற்று. ஆயா அறுபது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்த முகம் அது. அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்தது இருட்டு. பர்ன்ட் அம்பரில் துளி சிவப்பு கலந்து, டீ டிக்காஷன் மாதிரி நீர்க்கக் கரைத்து, கிரீடத்தின் இடுக்குகளில் விட்டேன். அதுவே பள்ளம் தேடி ஓடும். மேட்டில் தங்கியதை ஈரத்துணியால் ஒற்றி எடுத்தால் போதும். இந்தக் கட்டத்தில் பொம்மை படு அசிங்கமாக இருக்கும். பயந்துவிடாதீர்கள். காய்ந்ததும், மேட்டின் ஓரங்களுக்கு மட்டும் மறுபடி தங்கம். அதன்மேல் தங்கத்தோடு கொஞ்சம் வெள்ளி கலந்து, முச்சைபர் பிரஷ்ஷால் மேல் விளிம்புகளில் மயிரிழைக் கோடு. கிரீட உச்சியில் ஒரே ஒரு புள்ளி. ஆசைப்பட்டு இரண்டாவது புள்ளி வைத்தால் கெட்டது.

எந்தப் பக்கம் விளிம்பு என்பதற்கும் பெரியவர் ஒரு கேள்வி வைத்திருந்தார். "உங்க வீட்ல எத்தனாவது படியில வெப்பீங்க? வெளிச்சம் எங்கேருந்து வருது?" நான் மேஜை விளக்கின்கீழ் அடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டிலோ மாலை ஆனதும் ஆயா டியூப்லைட்டை அணைத்துவிட்டு, குத்துவிளக்கை ஏற்றுவார். வெளிச்சம் கீழேயிருந்து, முன்னாலிருந்து வருகிறது. ஆகவே முதல் இரண்டு பொம்மைகளைத் திரும்ப அடித்தேன். கிரீடத்தின் அடி விளிம்புக்கும், ஆரத்தின் கீழ்ப்பக்கத்துக்கும் கொஞ்சம் வெளிச்சம் கொடுத்தேன். டியூப்லைட்டில் பார்த்தால் விசித்திரமாக இருக்கிறது. விளக்கில் சரியாக இருக்கிறது.

ஒரே ஒரு விஷயத்தில் எனக்கும் பெரியவருக்கும் ஒத்துவரவில்லை. அவர் எல்லாம் முடிந்தபின் பொம்மை முழுக்கப் பளபள வார்னிஷ் அடிப்பார். "வாங்கறவனுக்கு மினுக்கணும் தம்பி, ஒரு மாசத்துல வித்துப் போயிடும்" என்கிறார். அவர் வயிற்றுப்பாட்டில் அது சரி. வீட்டுப் பொம்மைக்கு வேண்டாம் என்பது என் கட்சி. துணிக்கும் உடம்புக்கும் மட்டும் வார்னிஷ் முதலில் அடித்துக் காயவிட்டு, தங்கத்தைக் கடைசியில் முடித்து, அதன்மேல் ஒன்றும் பூசாமல் விட்டேன். அடிப்பீடத்தைப் பிடித்துத் தூக்கினால் தங்கத்தில் கை படாது. சுற்றி வைக்கச் செய்தித்தாளுக்குப் பதில் துவைத்த பழைய பருத்தி வேட்டி. பொடிதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் மூக்கில் துணி கட்டிக்கொண்டு, தேவையான அளவு மட்டும் அன்றன்றைக்குக் கலக்குங்கள்.

இந்த வருஷ நவராத்திரிக்கு முதல்நாள், ஒன்பது பொம்மைகளை நாலாவது படியில் வைத்துவிட்டு, டியூப்லைட்டை அணைத்தேன். ஆயாவுக்கு இப்போது ஒரு கண்தான் தெளிவு. விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பக்கத்தில் போய்ப் பார்த்தார். விளக்கு நகர நகர, கிரீடங்களில் வெளிச்சமும் நகர்ந்தது. ராமரிடம் நின்றார். முகத்தையும் பார்த்தார்.

"புதுசு மாதிரி இல்லடா" என்றார்.

எனக்குத் திக்கென்றது.

"எங்கம்மா காதுல போட்டிருந்த கம்மல் மாதிரி இருக்கு."

பிறகு மரப்பாச்சிகளை நகர்த்திவிட்டு, பத்தாவது எங்கே என்று கேட்டார். கல்கியின் குதிரைக்குக் கடிவாளமும் சேணமும் இன்னும் பாக்கி. கல்கிதான் இன்னும் வரவில்லையே ஆயா, செமஸ்டர் பரீட்சை முடியட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.